குப்பையும் கோடையும்: இந்தூர்க் கூட்டெருவின் வரலாறு

உழவுத் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கலப்பையைப் பற்றி மிகுதியாக எழுதியுள்ளனர். ஏரிகளையும் அணைகளையும் பற்றி நிறைய எழுதியுள்ளனர். எருவைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. ஏரும் அணையும் கண்ணுக்கு அழகானவை. எருக்குழி அத்தகையது அன்று. ஆயினும் ஒரு நாட்டு நிலம் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து விளைவதும், சில தலைமுறைகளிலேயே களைத்துப் போவதும் பெரும்பாலும் அந்தக் குழியைப் பொறுத்தவை.

தமிழர்க்கு இச்செய்தி புதிதன்று. திருவள்ளுவர் 'உழவு' என்னும் 104ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு குறள்களில் இரண்டு கருத்துகளைக் கூறுகிறார். உழுத புழுதியை நாலில் ஒரு பங்காக வற்றும்படி காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்பது ஒன்று. ஏர் ஓட்டுவதைக் காட்டிலும் எரு இடுதல் நன்று என்பது மற்றொன்று. மேலோட்டமாகப் படிப்போர்க்கு இவ்விரண்டும் முரண்படுவன போலத் தோன்றும். எருவே வேண்டாம் என்று கூறிய வாய், அடுத்த மூச்சில் எருவே சிறந்தது என்று கூறுவானேன்?

இதற்கு விடை தரும் ஆராய்ச்சி ஒன்று 1958ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பர்ச் என்னும் மண்ணியல் அறிஞர், வெயிலில் நன்கு காய்ந்த மண் மீண்டும் நனையும்போது, அதிலுள்ள மக்கிய பொருள் திடீரென விரைந்து சிதைந்து பயிருக்கு வேண்டிய நைட்ரஜனை வெளிவிடுகிறது என்று எடுத்துக்காட்டினார். கோடை உழவு செய்த வயலில் முதல் மழைக்குப் பின் பயிர் கருகருவென்று எழும்புவதற்குக் காரணம் இதுவே. ஆனால் அவ்வாறு கிடைத்த வளம் புதிதாக வந்ததன்று; நிலத்தின் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்து ஒன்றும் திருப்பிச் செலுத்தாவிடில், சேமிப்பு தீர்ந்து போகும். எனவே முதற் குறளுக்குப் பின் அடுத்த குறள் வேண்டியதாயிற்று எனலாம்.

வெப்ப நாடுகளின் உழவுச் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. குளிர் நாட்டு மண்ணில் இலையும் வேரும் மெல்ல மக்கிப் பல்லாண்டுகள் தங்கும். வெப்ப நாட்டு மண்ணிலோ சூடும் ஈரமும் சேர்ந்து அவற்றை விரைவிலே தின்று தீர்த்துவிடும். அப்படியாயின் வெப்பம் நிலத்திற்குப் பகையா? அந்த வெப்பத்தையே வேலைக்கு அமர்த்த இயலாதா? 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவில் இந்தூர் நகரத்தில் நடைபெற்ற ஆராய்ச்சி இவ்வினாவிற்கு ஒரு விடை கண்டது. கம்போஸ்டு என்று உலகம் அழைக்கும் கூட்டெருவின் வரலாற்றில் அது ஒரு திருப்பமாகும்.

அடுப்புக்கா, வயலுக்கா?

இந்தூர் ஆராய்ச்சியின் அருமையை உணர, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்திய நிலையைச் சற்று அறிதல் வேண்டும். இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியல் அறிஞரான டாக்டர் வோல்க்கர், இந்திய உழவின் நிலையை ஆராய்ந்து கூறும்படி 1889ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பல மாநிலங்களையும் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை 1893இல் வெளியாயிற்று. இந்திய உழவர் அறியாமையில் மூழ்கியவர் என்று அக்கால ஆட்சியாளர் பலர் எண்ணியிருந்தனர். வோல்க்கர் அதனை மறுத்தார். களை பறிப்பதிலும், நீர் இறைப்பதிலும், பயிர் மாற்றுவதிலும், மண்ணின் குணம் அறிவதிலும் அவர்கள் தேர்ந்தவர்கள் என்று பாராட்டினார். குறை வேறிடத்தில் இருந்தது. வயலுக்குச் செல்ல வேண்டிய சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்தது.

வறட்டி தட்டும் ஏழைப் பெண்ணைக் குறை கூறுதல் எளிது. வோல்க்கர் அவ்வாறு கூறவில்லை. விறகு கிடைக்கும் இடங்களில் உழவர் சாணத்தை எரிப்பதில்லை என்பதையும், விறகு அரிதான சமவெளிகளிலேயே எரிக்கின்றனர் என்பதையும் அவர் கண்டார். ஆதலால் ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்திற்கும் மரங்களை வளர்க்க வேண்டும் என்பதே அவர் கூறிய மருந்து. சாணம் எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் பொட்டாசும் பாஸ்பரமும் ஓரளவு தங்கும். நைட்ரஜனோ புகையோடு போய்விடும். மண்ணைப் பொதபொதவென்று வைத்து ஈரம் பிடிக்கச் செய்யும் மக்குப் பொருளும் போய்விடும். உணவு சமைக்க எரு எரிந்தது. எரு எரிந்ததால் உணவு குறைந்தது. இந்தச் சுழலிலிருந்து வெளியேற வழி யாது என்பது ஒரு நாட்டின் வயிற்றைப் பற்றிய கேள்வியாக இருந்தது.

இந்தூருக்கு வந்த வழி

ஆல்பர்ட் ஹோவர்ட் 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிராப்சயர் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்று, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய் ஆராய்ச்சியாளராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். கரும்பு நோயைக் கண்ணாடிக்குழாயில் ஆராயும் அறிஞர் ஒருவர், தாமே ஒரு கரும்பையும் பயிரிட்டுப் பார்க்காமல் உழவர்க்கு அறிவுரை கூறுவது பொருந்துமா என்னும் ஐயம் அங்கேயே அவருக்குத் தோன்றிவிட்டது. 1905ஆம் ஆண்டில் பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்திற்குப் பயிரியல் அறிஞராக வந்தார். அதே ஆண்டில் அவர் மணந்த கேப்ரியல் மத்தேயி, கேம்பிரிட்ஜில் தாவர உடலியல் ஆராய்ச்சியில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்த பயன்களுள் 'பூசா' என்னும் பெயர் தாங்கிய கோதுமை வகைகள் புகழ் பெற்றன.

பூசாவில் ஒரு குறை இருந்தது. பூச்சிக்கு ஒரு பிரிவு, பூஞ்சைக்கு ஒரு பிரிவு, மண்ணுக்கு ஒரு பிரிவு, பயிருக்கு ஒரு பிரிவு என்று ஆராய்ச்சி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வயலில் பயிர் அவ்வாறு பிரிந்து வளர்வதில்லையே என்று ஹோவர்ட் தம்பதியர் எண்ணினர். பருத்தி ஆராய்ச்சிக்காக இந்தியத் தலைமைப் பருத்திக் குழுவின் பொருளுதவியும், மத்திய இந்தியச் சமத்தானங்களின் ஆதரவும் கிட்டியபோது, இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையம் 1924இல் உருவாயிற்று. ஹோவர்ட் அதன் தலைவரானார். பருத்தியை மட்டும் ஆராயாமல், பருத்தி விளையும் மண், அம்மண்ணை உழும் மாடு, மாடு தின்னும் தீவனம், உழுபவனின் நிலை ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குதல் அந்நிலையத்தின் கொள்கையாயிற்று.

இந்தூர் மாளவ மேட்டு நிலத்தில் உள்ளது. அங்குள்ளது கருப்பு மண். கோடையில் வெடித்துப் பிளக்கும். சூன் மாதத்தில் மழை தொடங்கியதும் களியாகிக் காலைப் பற்றும். மழைக்காலம் செப்டம்பர் வரை, பின்னர் குளிர், மார்ச்சு முதல் கடும் வெயில். இத்தகைய இடத்தில் எருவுக்கு மூலப்பொருள் எங்கே கிடைக்கும்? பருத்திமாரும், துவரைமாரும், களைகளும், கரும்புச் சருகும், உதிர்ந்த இலையும் ஏராளமாகக் கிடந்தன. பருத்திமாரையும் துவரைமாரையும் எரிப்பதே வழக்கம். மாட்டுச் சாணமோ, முன்னே கூறியவாறு, பாதிக்கு மேல் அடுப்புக்குப் போயிற்று. மூத்திரம் தொழுவத் தரையில் ஊறி வீணாயிற்று.

சீனத்துப் பாடமும் ரோதம்ஸ்டெட் பாடமும்

இரண்டு நூல்நெறிகள் ஹோவர்டுக்கு முன்னே இருந்தன. அமெரிக்க மண்ணியல் பேராசிரியர் கிங் 1909ஆம் ஆண்டில் சீனம், கொரியா, சப்பான் ஆகிய நாடுகளுக்குச் சென்று, நாற்பது நூற்றாண்டுகளாக ஒரே நிலத்தை உழுதும் அதன் வளம் குன்றாமல் காத்த உழவரின் முறைகளைக் கண்டார். ஓடையின் சேறும், வைக்கோலும், சாணமும், வீட்டுக் கழிவும் அடுக்கடுக்காகக் குவிக்கப்பட்டு எருவாவதை விளக்கி அவர் எழுதிய நூல், 1911இல் அவர் மறைந்தபின் வெளிவந்தது. மற்றொன்று, இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த அட்சின்சனும் ரிச்சர்ட்சும் 1921இல் வெளியிட்ட ஆராய்ச்சி. வைக்கோலுக்கு நைட்ரஜனும், காற்றும், ஈரமும் கிடைத்தால் மாடு இல்லாமலே அதனைத் தொழுவுரம் போல் மக்கச் செய்யலாம் என்று அவர்கள் காட்டினர். அவர்கள் நைட்ரஜனுக்கு இரசாயன உப்பை நாடினர்.

இந்தூரில் இவ்விரண்டும் சந்தித்தன. சீன உழவரின் அடுக்குமுறையும், ரோதம்ஸ்டெட்டின் அளவுக் கணக்கும் சேர்ந்தன. ஆனால் விலைகொடுத்து வாங்கும் உப்புக்கு மாறாக, எந்த உழவனின் தொழுவத்திலும் உள்ள சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் விறகுச் சாம்பலுமே பயன்படுத்தப்பட்டன. வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லாதிருத்தல் இம்முறையின் முதற்சிறப்பு. சாணத்தை மிகச் சிக்கனமாகக் கையாளுதல் இரண்டாவது சிறப்பு. கொள்ளளவில் மூன்று அல்லது நான்கு பங்கு செடிகொடிக் கழிவுக்கு ஒரு பங்கு மாட்டுக் கழிவே போதும். அடுப்புக்குப் போனது போக எஞ்சிய சிறிது சாணத்தைக் கொண்டே பன்மடங்கு எருவை ஆக்கலாம் என்பது இதனால் பெறப்பட்டது. வோல்க்கர் கண்ட சுழலுக்கு இது முழு விடுதலை அன்று. எனினும் ஒரு வாயில் திறந்தது.

குழியும் அடுக்கும்

இந்தூர் முறையின் விளக்கம் 1931ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட, வேளாண்மைக் கழிவுகளைப் பற்றிய நூலில் முதலிலும், ஹோவர்ட் 1940இல் எழுதிய 'வேளாண்மை மரணசாசனம்' என்று பெயர்க்கத்தக்க நூலில் மீண்டும் தரப்பட்டது. பின்னதில் கூறப்படும் குழியின் அளவு 30 அடி நீளம், 14 அடி அகலம், 3 அடி ஆழம். பக்கங்கள் சரிவாக இருத்தல் வேண்டும். நீள அகலங்கள் வசதிக்கு ஏற்ப மாறலாம், ஆழம் மாறலாகாது. காற்று மேலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி வரையில்தான் தானே உட்புகும் என்று கண்டனர். அதனால் 3 அடி உயரத்துக்கு அடுக்கும்போது, நான்கடிக்கு ஒன்றாகக் கடப்பாரையால் செங்குத்தான துளைகள் இட்டு அடிவரையில் காற்றோடச் செய்தனர்.

கழிவுப் பொருள்களை நேரே குழியில் கொட்டுவதில்லை. பச்சைச் செடிகளை முதலில் வாடவிடுவர். பருத்திமார் போன்ற கட்டைப் பொருள்களை வண்டிப் பாதையில் பரப்புவர். மாடும் சக்கரமும் நாள்தோறும் மிதித்து நசுக்கி அவற்றை நாராக்கும். பின்னர் பலவகைக் கழிவுகளையும் கலந்து தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாக விரிப்பர். மாடுகள் இரவெல்லாம் படுத்தும் மிதித்தும் நனைத்தும் பதப்படுத்திய படுக்கை மறுநாள் குழிக்குப் போகும். தொழுவத்தின் மண்தரையையும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஆறங்குல ஆழம் அகழ்ந்தெடுத்துப் புதுமண் இடுவர். அகழ்ந்த மண் மூத்திரத்தின் சத்தெல்லாம் உண்டு கொழுத்திருக்கும். அதனைப் பொடித்துச் சாம்பலோடு கலந்து வைப்பர்.

குழியின் ஒரு முனையில் ஒரு பகுதியைப் புரட்டுவதற்காக வெறுமையாக விட்டு, மற்றப் பகுதிகளை ஒவ்வொன்றாக நிரப்புவர். ஆறங்குலம் செடிகொடிக் கழிவு, அதன்மேல் இரண்டங்குலம் சாணமும் படுக்கையும், அதன்மேல் மூத்திர மண்ணும் சாம்பலும் தூவல், பின்னர் நீர். இவ்வாறு அடுக்கடுக்காக உயர்த்துவர். நீரை ஒரே முறையில் கொட்டிவிடாமல் சிறிது சிறிதாகத் தெளித்து ஊறவிடுவர். பிழிந்த துணியில் உள்ள ஈரம் எவ்வளவோ அவ்வளவே ஈரம் வேண்டும். அதிகமானால் காற்று அடைபடும். குறைந்தால் மக்குவது நின்றுபோகும்.

கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதமே இந்த அடுக்கின் உள்ளுறை. தொடக்கத்தில் கலவையில் 33 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் இருத்தல் நன்று என்று கணக்கிட்டனர். நுண்ணுயிர்கள் கார்பனை எரித்து வாழ்ந்து, நைட்ரஜனைத் தம் உடலாக்கிக்கொள்ளும். முடிவில் விகிதம் பத்துக்கு ஒன்று என்னும் அளவுக்கு வந்து சேரும். அதுவே வளமான மண்ணின் விகிதமும் ஆகும். மக்காத வைக்கோலை அப்படியே வயலில் புதைத்தால், அதனைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைட்ரஜனையும் பறித்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். அச்சண்டை வயலில் நடவாமல் குழியிலேயே முடிந்துவிடச் செய்வது கூட்டெருவின் வேலை.

வெப்பம் வேலை செய்யும் முறை

குழி நிரம்பியவுடன் உள்ளே வெப்பம் விரைந்து ஏறி ஏறக்குறைய 65 டிகிரி சென்டிகிரேட் அளவை எட்டுகிறது. பின்னர் மெல்ல மெல்ல இறங்கி, தொண்ணூறு நாள் முடிவில் 33 டிகிரியில் வந்து நிற்கிறது. இந்த இறக்கமே எரு முதிர்வதைக் காட்டும் நாடி. முதலில் வெண்ணூல் போன்ற பூஞ்சைகள் குவியல் முழுதும் படர்கின்றன. அவை தளர்ந்தபின் பாக்டீரியங்கள் பணியை மேற்கொள்கின்றன. வெப்பம் 55 டிகிரிக்கு மேல் சில நாள் நிலைத்தால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மடியும் என்பது பிற்கால ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. ஆனால் ஓரத்தில் உள்ளவை அவ்வெப்பத்துக்குத் தப்பிவிடும். எனவே புரட்டுதல் இன்றியமையாததாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறையும், ஐந்தாம் வாரத்தளவில் மற்றொரு முறையும் புரட்டி, வெளியில் உள்ளதை உள்ளே தள்ளி, வேண்டிய நீரும் தெளிப்பர். மூன்று மாதத்தில் எரு கருகிய பொடியாக, மழை பெய்த காட்டு மண்ணின் மணத்தோடு வெளிவரும்.

துர்நாற்றமோ ஈ மொய்ப்போ காணப்பட்டால், காற்றுப் போதவில்லை என்பது அதன் பொருள். மருந்து தெளிக்க வேண்டியதில்லை; உடனே கிளறிவிட்டால் போதும். நல்ல எருக்குழி நாறாது என்னும் இவ்வுண்மை, எரு என்றாலே முகம் சுளிப்போர் அறியத்தக்கது.

பருவத்திற்கேற்ப முறை மாறும். கடுங்கோடையில் சூட்டுக்குக் குறைவில்லை, ஈரத்துக்கே குறைவு. மேற்புறம் உலர்ந்து, உள்ளே நீரின்றி வெறும் சூடு மட்டும் ஏறினால் எரு சாம்பல் பூத்தது போல் வெளுத்துச் சத்திழந்து போகும். அக்காலத்தில் குழியே சிறந்தது; நிலத்தின் மடியில் ஈரம் தங்கும்; காற்று உலர்த்தாது. மழைக்காலத்திலோ குழி குளமாகிவிடும். அப்போது தரைமேல் குவியலாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 50 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும் நாடுகளுக்குக் குழி பொருந்தாது, குவியலே தகும் என்பது ஹோவர்டின் விதி. 80 அங்குலத்துக்கு மேல் மழை காணும் சிங்கப்பூரும், அதனைப் போன்றே மழை வளம் மிக்க மலேசிய மாநிலங்களும் இவ்விதியில் அடங்கும். இங்கே பள்ளித் தோட்டங்களில் எருவுக்குக் குழி வெட்டி, அது நீர் தேங்கி நாறுவதைக் கண்டு முயற்சியையே கைவிடுவோர் உண்டு. தவறு முறையில் இல்லை; இடத்தையும் பருவத்தையும் நோக்காமையில் இருக்கிறது. தரைமேல் குவித்து, மேலே கூரையிட்டால் அத்துன்பம் இல்லை.

யாருடைய அறிவு?

1931ஆம் ஆண்டு நூலின் முகப்பில் இரண்டு பெயர்கள் உள்ளன: ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட். வாட் இந்தூர் நிலையத்தில் பணியாற்றிய இந்திய வேதியியலார். குழிகளின் வெப்பத்தையும், நைட்ரஜன் வரவு செலவையும் நாள்தோறும் அளந்து எழுதிய ஆராய்ச்சியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னாளில் உலகம் முழுதும் இம்முறை பரவியபோது ஹோவர்டின் பெயர் மட்டுமே நிலைத்து, வாட் பெயர் மறைந்துவிட்டது. கேப்ரியல் ஹோவர்ட் நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டாகிய 1930இல் காலமானார். கால் நூற்றாண்டு இருவரும் இணைந்து செய்த பணியின் கனி வெளிப்பட்டபோது அவர் இல்லை. 1940ஆம் ஆண்டு நூலை ஹோவர்ட் அவர் நினைவுக்கே உரிமையாக்கினார்.

உழவரைப் பற்றியும் ஒரு வினா எழுகிறது. இந்திய உழவரும் பயிரைத் தாக்கும் பூச்சிகளுமே தமக்கு ஆசிரியர்கள் என்று ஹோவர்ட் பிற்காலத்தில் பலமுறை கூறினார். இதனைக் கொண்டு, இந்தூர் முறை இந்தியக் கிராமங்களில் முன்பே இருந்த பழைய முறை என்று கூறுவோர் உண்டு. அண்மைக்கால வரலாற்றாசிரியர் சிலரோ, 1931ஆம் ஆண்டு நூலில் சீனரின் வழக்கமும் மேல்நாட்டு ஆராய்ச்சியுமே முன்னிற்கின்றன, இந்திய உழவரைப் பற்றிய புகழுரை பின்னரே மிகுந்தது என்று வாதிடுகின்றனர். இரு திறத்தாரும் ஓரளவு உண்மையே கூறுகின்றனர். குப்பைமேடு இல்லாத இந்தியக் கிராமம் இல்லை. ஆனால் விகிதம் அறிந்து அடுக்கி, நாளறிந்து புரட்டும் முறை அங்கே பொதுவழக்காக இருக்கவில்லை. மறுபுறம், எந்த மாரை எப்படி நசுக்குவது, எந்தச் செடி எவ்வளவில் வாடும், மாடு எதன்மேல் படுக்கும் என்பன ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவல்ல. வண்டிப் பாதையில் பருத்திமாரைப் பரப்பும் உத்தி, மாட்டோடு வாழ்ந்த மக்களின் நடைமுறையோடு ஒட்டியது. கீழ்நாட்டு வழக்கத்தை மேல்நாட்டு அளவுகோல் கொண்டு அளந்து, எவரும் பின்பற்றத்தக்க முறையாக எழுதி வைத்தமையே இந்தூரின் சாதனை. எழுதப்பட்டதால்தான் அது கடல் கடந்தது.

தோட்டங்களுக்குச் சென்ற எரு

கடல் கடந்தபோது அது முதலில் சென்ற இடம் பெருந்தோட்டங்களே. கென்யா நாட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் 1933இல் இம்முறை தொடங்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களும் விரைவில் அதனை ஏற்றன. 1934இல் 'சர்' பட்டம் பெற்ற ஹோவர்ட், 1937ஆம் ஆண்டின் இறுதியிலும் 1938இன் தொடக்கத்திலும் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். திருவிதாங்கூர் உயர்மலையில் கண்ணன் தேவன் தோட்டங்களிலும் கூட்டெரு ஆக்கும் பணி நடைபெற்றது. உயர்மலையிலும் இலங்கை மலையகத்திலும் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் தமிழர். கவாத்துக் கழிவையும் புல்லையும் சுமந்து குவித்தவை, நீர் தெளித்துப் புரட்டியவை, எருவைக் கூடையிலே தலைமேல் ஏற்றிச் சரிவுகளில் தேயிலை வேருக்குக் கொண்டு சேர்த்தவை அக்கைகளே. கூட்டெருவின் வரலாற்றில் தமிழர்க்குள்ள இடம் இது. அந்நூல்களில் அவர்கள் பெயர் ஒன்றும் இல்லை. கூலிக் கணக்கில் எண்ணாக மட்டுமே உள்ளனர்.

பெருந்தோட்டத்துக்கு இம்முறை எளிதாகப் பொருந்தியதற்கும், சிறு உழவனிடம் மெல்லவே சென்றதற்கும் காரணம் ஒன்றே. இந்தூர் முறைக்கு ஆள்பலம் வேண்டும். கோடையில் நீர் வேண்டும். குடிநீருக்கே கிணற்றைத் தேடி நடக்கும் ஊரில் எருக்குழிக்கு யார் நீர் ஊற்றுவர்? ஆக்கியது கோடை, தடுத்ததும் கோடையே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஆச்சாரியா 1939இல் வகுத்த முறை இந்த இடர்ப்பாட்டை நோக்கியது. நகரக் குப்பையையும் மலக் கழிவையும் பள்ளங்களில் மாறி மாறி அடுக்கி, மேலே மண்ணால் மூடிவிடுவது அம்முறை. புரட்டுதல் இல்லை, நீர்ச்செலவு குறைவு, நைட்ரஜன் இழப்பும் குறைவு. ஆனால் எரு முதிர ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். நகராட்சிகள் பல இதனை மேற்கொண்டன. அப்பள்ளங்களுக்குக் கழிவைச் சுமந்து சென்றவர் சாதியின் பெயரால் அவ்விழிதொழிலில் தள்ளப்பட்ட மக்கள் என்பதையும் வரலாறு மறைக்கலாகாது. மனிதர் கையால் மலம் அள்ளுவதை இந்தியாவில் சட்டம் தடுத்தது 1993ஆம் ஆண்டில்தான். 2013இல் அச்சட்டம் மேலும் வலுவாக்கப்பட்டது.

காந்தியடிகள் 1935ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தூர் நிலையத்திற்குச் சென்று எருக்குழிகளை நேரில் கண்டார். அவ்வாண்டிலேயே தம் 'அரிசன்' இதழில் இம்முறையைக் கிராமத் தொண்டர்க்கு எடுத்துரைத்தார். ஊரின் அழுக்கும் நிலத்தின் பசியும் ஒரே வழியில் தீரும் என்பது அவரைக் கவர்ந்தது. ஹோவர்ட் 1947 அக்டோபரில் இறந்தார். இரண்டு திங்கள் கழித்து, திசம்பரில், மீராபென் முயற்சியால் தில்லியில் அகில இந்தியக் கூட்டெரு மாநாடு கூடிற்று. டாக்டர் இராசேந்திர பிரசாத் தலைமை தாங்கினார். நாடு பிரிந்து, இலட்சக்கணக்கானோர் வீடிழந்து நின்ற நாட்கள் அவை. உணவுப் பற்றாக்குறையும் கடுமையாக இருந்தது. அந்நேரத்தில் தலைவர்கள் எருவைப் பற்றிப் பேச அமர்ந்தது, அது எத்துணை அடிப்படையானது என்று கருதப்பட்டதைக் காட்டுகிறது.

மண்ணில் சேர்க்கும் பருவம்

ஆக்குவதைப் போன்றே பயன்படுத்துவதற்கும் பருவம் உண்டு. எரு முதிர்ந்தபின் அதனைக் குவியலாகவே வெயிலில் விட்டுவைத்தல் பெரும்பிழை. மக்குவது அத்துடன் நில்லாது; சத்துகள் கரையத்தக்க நிலைக்கு மாறி, காற்றிலும் மழைநீரிலும் போய்விடும். ஆதலின் முதிர்ந்த எருவை உடனே நிலத்தில் சேர்க்க வேண்டும். இயலாவிடில் கூரையின் கீழ் வைத்துக் காக்க வேண்டும் என்று ஹோவர்ட் வற்புறுத்தினார். வெப்ப நாட்டில் ஏற்ற வேளை மழை தொடங்குவதற்குச் சற்று முன். மேற்பரப்பில் பரப்பி விட்டுவிடாமல் சிறிதளவு மண்ணோடு கலந்துவிட வேண்டும். தோட்டப் பாத்திகளில் செடியைச் சுற்றி எருவை இட்டு, அதன்மேல் சருகு மூடாக்கு இட்டால், வெயில் மண்ணை நேரே தாக்காது, ஈரம் நிற்கும், மண்புழுக்கள் எஞ்சிய வேலையைச் செய்யும். ஒரே முறை மிகுதியாக இடுவதைவிட, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடுவதே வெப்ப நாட்டு மண்ணுக்கு ஏற்றது. அம்மண் ஆண்டுதோறும் செலவழிக்கும் இயல்புடையது. ஆண்டுதோறும் வரவும் வேண்டும்.

1960களுக்குப்பின் இரசாயன உரம் மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தபோது எருக்குழிகள் பல தூர்ந்தன. விளைச்சல் பெருகியது மெய். பசிப்பிணி தணிந்ததும் மெய். ஆயினும் மக்குப் பொருள் குறைந்த மண்ணில் அவ்வுரத்தின் பயனும் குறைகிறது என்பதைப் பின்னர் வேளாண் அறிஞர் ஒப்புக்கொண்டனர். அடுப்புக்கா வயலுக்கா என்னும் பழைய வினாவிற்கும் சாண எரிவாயுக் கலன் ஓரளவு விடை தந்தது. சாணத்திலிருந்து முதலில் எரிவாயு, பின்னர் எஞ்சும் கூழிலிருந்து எரு என்னும் அம்முறை, வோல்க்கர் கண்டிருந்தால் மகிழ்ந்திருக்கத்தக்கது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் 2003இல் வெளியிட்ட கூட்டெருக் கையேட்டில் இந்தூர் முறையும் பெங்களூர் முறையும் இன்றும் இடம் பெற்றுள்ளன.

திருவள்ளுவரின் இரண்டு குறள்களும் இவ்வரலாற்றின் ஒளியில் முரண்படாமல் நிற்கின்றன. வெயிலில் காய்ந்த புழுதி ஒரு பருவத்துக்கு வளம் தரும். அது நிலத்தின் கைம்முதல். எரு இடுதல் அக்கைம்முதலைத் திரும்ப நிரப்பும். வயலில் பரந்து கிடக்கும்போது வளத்தைச் செலவழிக்கும் அதே வெப்பம், குழியிலோ குவியலிலோ அடக்கிவைக்கப்படும்போது வளத்தை ஆக்குகிறது. இந்தூரில் ஏழாண்டுகள் அளந்து கண்டது இதுவே. பள்ளித் தோட்டத்தின் ஒரு மூலையில், நாலடிச் சதுரத்தில், பெருக்கிய சருகையும் பிடுங்கிய களையையும் அடுக்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாணவரைக் கொண்டு புரட்டச் செய்தால், மூன்று திங்களில் அவர்கள் கையால் தொட்டு அறியத்தக்க பாடம் ஒன்று அங்கே முதிர்ந்திருக்கும்.